எப்போதும் சார்ஜரில் இருக்கும் லேப்டாப்: பேட்டரியைக் காப்பது எப்படி?
வாசகர் கேள்வி – பதில்

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். காலை 9 மணி முதல் இரவு வரை லேப்டாப் சார்ஜரிலேயே இருக்கும். 100 சதவீதம் ஆனதும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ‘ஓவர் சார்ஜ்’ ஆகி பேட்டரி கெட்டுவிடும் என்கிறார் அப்பா. ஒரு நாளைக்கு நான்கைந்து முறை பிடுங்கிச் செருகுகிறேன். இது தேவைதானா?
– வாசகி, வேலூர்

தேவையில்லை. அந்த வேலையை இன்றோடு விட்டுவிடுங்கள். ஆனாலும் அப்பாவின் கவலையை முழுக்கத் தள்ளிவிட முடியாது. பேட்டரி கெடத்தான் செய்கிறது, அவர் சொல்லும் காரணத்தால் அல்ல.

லேப்டாப்பில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. அதன் ஒவ்வொரு செல்லும் பெரும்பாலும் 4.2 வோல்ட்டில் நிறையும். புதிய மாடல்கள் சிலவற்றில் 4.35 அல்லது 4.4 வோல்ட். அந்த அளவை நெருங்கியதும் சார்ஜிங் சர்க்யூட் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் அடியோடு நிறுத்திவிடும். அதன் பிறகு அடாப்டரிலிருந்து வரும் மின்சாரம் நேராக மதர்போர்டுக்குப் போகிறது, பேட்டரி சும்மா இருக்கிறது. தானாகவே கசிந்து 95 சதவீதம் வாக்கில் இறங்கினால்தான் மறுபடி சார்ஜ் தொடங்கும். பிளக் செருகியிருந்தும் 97 சதவீதத்தில் ‘சார்ஜ் ஆகவில்லை’ என்று திரையில் காட்டுவது இதனால்தான். அது பழுது அல்ல.

கெடுதல் எங்கே வருகிறது என்றால், நிறைந்த நிலையிலேயே நாள்கணக்கில் நிற்பதில். செல்லின் வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும்போது உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற ரசாயனத் திரவம் மெல்லச் சிதைகிறது. மின்முனையின் மேல் ஒரு படலம் தடித்துக்கொண்டே போகிறது. அந்தப் படலத்தில் சிக்கிய லித்தியம் திரும்பி வேலைக்கு வருவதில்லை. சூடு சேர்ந்தால் இதெல்லாம் இன்னும் வேகமாக நடக்கும். பேட்டரித் துறையில் பரவலாக எடுத்துக்காட்டப்படும் அளவு ஒன்று உண்டு. 25 டிகிரியில் ஓராண்டு சும்மா வைத்த பேட்டரி, 40 சதவீத சார்ஜில் இருந்தால் தன் கொள்ளளவில் 96 சதவீதத்தைத் தக்கவைக்கும். 100 சதவீதத்தில் இருந்தால் 80தான் மிஞ்சும். அதே சோதனை 40 டிகிரியில் என்றால் முறையே 85, 65. வேலூர் வெயிலில் அறையே 35 டிகிரியைத் தாண்டும்போது, ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பின் வயிற்றுக்குள் 40 டிகிரி என்பது சாதாரணம்.

பிடுங்கிச் செருகுவதால் இன்னொரு நஷ்டமும் உண்டு. பேட்டரியின் முழுக் கொள்ளளவையும் ஒரு முறை செலவழித்து ஏற்றுவது ஒரு ‘சைக்கிள்’. 100லிருந்து 60க்கு இறக்கி மறுபடி ஏற்றினால் 0.4 சைக்கிள் செலவு. ஒரு நாளில் நான்கு முறை செய்தால் 1.6 சைக்கிள், ஓராண்டில் 580க்கு மேல். பல லேப்டாப் பேட்டரிகள் 300 முதல் 500 சைக்கிளுக்குள் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடுகின்றன. அதாவது, காப்பாற்றுவதாக நினைத்துச் செய்யும் காரியமே பேட்டரியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை இரண்டே. சார்ஜ் 80 சதவீதத்துக்கு மேல் ஏறாதபடி வரம்பு வையுங்கள். எப்படி என்பதை அடுத்த பதிலில் சொல்கிறோம். இரண்டாவது, சூட்டைக் குறையுங்கள். மெத்தை, தலையணை, மடி வேண்டாம். கடினமான மேசையில், பின்பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரும்படி ஏதாவது வையுங்கள். ஜன்னல் வெயில் படக்கூடாது. விசிறித் துளைகளில் சேரும் தூசியை ஆண்டுக்கு ஒரு முறையாவது சுத்தம் செய்யுங்கள். தூசி அடைத்த லேப்டாப்பில் மற்ற எந்தப் பராமரிப்பும் பெரிதாகப் பலன் தராது.

80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி விண்டோஸில் எங்கே இருக்கிறது? தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.
– வாசகர், ஈரோடு

எல்லா லேப்டாப்புக்கும் பொதுவாக விண்டோஸ் செட்டிங்ஸில் அப்படி ஒன்று இல்லை, அதனால்தான் கிடைக்கவில்லை. லேப்டாப் தயாரித்த நிறுவனம் தரும் செயலியிலோ, விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸிலோதான் பார்க்க வேண்டும்.

லெனோவோ என்றால் ‘வான்டேஜ்’ செயலி. அதில் பவர் பகுதிக்குள் ‘கன்சர்வேஷன் மோட்’ இருக்கும். பழைய ஐடியாபேட் மாடல்கள் 60 சதவீதம் வாக்கிலும் புதியவை 75–80லும் நிற்கும். திங்க்பேட் இன்னும் நல்லது: சார்ஜ் எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று இரண்டு எண்களையும் நீங்களே கொடுக்கலாம். 75, 80 என்று வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விடுவதற்குக் காரணம் இருக்கிறது. 80லேயே தொடங்கி 80லேயே நிற்கச் சொன்னால் ஒரு சதவீதம் குறையும்போதெல்லாம் சார்ஜர் விழித்துக்கொள்ளும்.

டெல் மாடல்களில் ‘மை டெல்’ அல்லது ‘டெல் பவர் மேனேஜர்’. அதில் ‘பிரைமரிலி ஏசி யூஸ்’ என்பது எப்போதும் மின் இணைப்பில் இருப்பவர்களுக்கானது. எண்ணை நீங்களே தீர்மானிக்க விரும்பினால் ‘கஸ்டம்’. இதே தேர்வுகள் பல டெல் மாடல்களில் பயாஸிலும் இருக்கும் (லேப்டாப் துவங்கும்போது எஃப்2). எச்பி அலுவலக மாடல்களில் எஃப்10 அழுத்தி பயாஸுக்குள் போய், ‘பேட்டரி ஹெல்த் மேனேஜர்’ என்ற இடத்தில் ‘மேக்ஸிமைஸ் மை பேட்டரி ஹெல்த்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் 80ல் நிற்கும். எச்பியின் வீட்டு உபயோக மாடல்களில் பெரும்பாலும் ‘அடாப்டிவ் பேட்டரி ஆப்டிமைசர்’ மட்டும் இருக்கும்; அது சூடு, பயன்பாடு இவற்றைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும். அணைத்திருந்தால் இயக்கிவிடுங்கள். ஏசஸில் ‘மைஏசஸ்’, ஏசரில் ‘கேர் சென்டர்’. மேக்புக்கில் ‘ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங்’ உங்கள் பழக்கத்தைக் கவனித்து 80க்கு மேல் ஏற்றுவதைத் தள்ளிப்போடும். லினக்ஸில் ‘க்னோம்’ என்ற டெஸ்க்டாப் மென்பொருளின் 48ஆம் பதிப்பு முதல் செட்டிங்ஸிலேயே இந்த வசதி உண்டு, வன்பொருள் இடம் கொடுத்தால். பழைய பதிப்புகளுக்கு ‘டிஎல்பி’ என்ற மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம்.

பயாஸில் வைத்த வரம்பு விண்டோஸை அழித்து நிறுவினாலும் அப்படியே இருக்கும். செயலியில் வைத்ததை, ஃபார்மட் செய்த பிறகு ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெளியூர் போகும் முந்தின இரவு வரம்பை எடுத்துவிட்டு 100 வரை ஏற்றிக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை. ஓர் இரவு நிறைந்திருப்பதால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் நிறைந்தே இருப்பதுதான் பிரச்சினை.

உங்கள் மாடலில் இந்த வசதியே இல்லையென்றால் ஒரு வழி உண்டு. வேலை முடிப்பதற்கு முன், கடைசி அரை மணி அல்லது ஒரு மணி நேரம் மட்டும் சார்ஜரை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். 75 வாக்கில் இறங்கியதும் ஷட் டவுன் செய்து, சார்ஜர் இல்லாமலே வையுங்கள். இரவு முழுக்க அது நிறைந்த நிலையில் நிற்காது. ஒரு நாளைக்குக் கால் சைக்கிள், ஆண்டுக்கு 90 சைக்கிள்தான் செலவு. கொடுக்கத் தகுந்த விலை.

மாதம் ஒரு முறை பேட்டரியை முழுக்கக் காலி செய்து ஏற்ற வேண்டும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். புது லேப்டாப்பை முதலில் 8 மணி நேரம் சார்ஜ் போட வேண்டும் என்பதும் உண்மையா?
– மாணவி, திருநெல்வேலி

இரண்டும் நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்துப் பழக்கங்கள். லித்தியத்துக்குப் பொருந்தாது. அடிக்கடி பூஜ்யத்துக்கு இறக்குவது கெடுதலும்கூட.

ஒரே ஒரு சூழ்நிலையில் மட்டும் முழுச் சுற்று உதவும். திரையில் 30 சதவீதம் காட்டும்போதே திடீரென்று அணைந்தாலோ, சதவீதம் தாவித் தாவி இறங்கினாலோ, பேட்டரியின் அளவுமானி கணக்குத் தப்பிவிட்டது என்று பொருள். வரம்பை எடுத்துவிட்டு 100 வரை ஏற்றுங்கள். இரண்டு மணி நேரம் சார்ஜரிலேயே விடுங்கள். பிறகு 5 சதவீதம் வரை இறக்கி, நடுவில் நிறுத்தாமல் மறுபடி முழுக்க ஏற்றுங்கள். எண் சரியாகும். இழந்த கொள்ளளவு இதனால் திரும்பாது. 80 வரம்பில் ஓடும் லேப்டாப்புகளில் அளவுமானி தப்புவது சற்று அதிகம் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை இப்படிச் செய்தால் போதும்.

கடையில் பில் போட, கழற்றி மாட்டும் பேட்டரி உள்ள பழைய லேப்டாப் வைத்திருக்கிறோம். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு நேரடி கரண்டில் ஓட்டினால் பேட்டரி நீடிக்கும் அல்லவா?
– வணிகர், கும்பகோணம்

பேட்டரி நீடிக்கும். பில் கணக்கு நீடிக்குமா என்பதை யோசியுங்கள். கரண்ட் ஒரு கணம் மினுக்கினாலும், பிளக் லேசாக ஆடினாலும், லேப்டாப் அந்த நொடியே அணையும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அதற்கும் நல்லதல்ல. சில மாடல்கள் பேட்டரி இல்லாதபோது பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் செய்யும். பேட்டரி உங்களுக்கு உள்ளேயே இருக்கும் யுபிஎஸ். மாட்டியே வையுங்கள் என்பதுதான் எங்கள் கருத்து.

தனி யுபிஎஸ் இருக்கிறது என்றால் கழற்றலாம். முதலில் ஷட் டவுன் செய்து பிளக்கையும் எடுங்கள். பேட்டரியை 40–50 சதவீதத்தில் கழற்றி, அதன் முனைகளில் உலோகம் எதுவும் படாதபடி உறையிலிட்டு, வீட்டிலேயே குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம்; வெளியே எடுத்ததும் ஈரம் படியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாட்டிப் பார்த்து, குறைந்திருந்தால் பாதி வரை ஏற்றுங்கள்.

வீடியோ எடிட்டிங் செய்யும்போது, சார்ஜர் செருகியிருந்தும் பேட்டரி சதவீதம் இறங்குகிறது. சார்ஜர் பழுதா?
– வாசகர், கோயம்புத்தூர்

அடாப்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். ‘அவுட்புட்’ என்று எழுதிய இடத்தில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வரும். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றால் 65 வாட். லேப்டாப்போடு வந்த அடாப்டர் எத்தனை வாட் என்பதோடு இதை ஒப்பிடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப்புக்கு 130, 180 வாட் தேவைப்படும் இடத்தில் 65 வாட் செருகினால், குறைவதைப் பேட்டரிதான் ஈடுகட்டுகிறது. சார்ஜரிலேயே இருந்தாலும் சைக்கிள் ஏறிக்கொண்டே போகும், கூடவே சூடும்.

யுஎஸ்பி சி வழியாகச் சார்ஜ் செய்பவர்கள் கேபிளையும் கவனிக்க வேண்டும். சாதாரண சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட்டுக்கு மேல் கடத்தாது. 100 வாட் அடாப்டர் வாங்கினால் 5 ஆம்பியர் கேபிளும் சேர்த்து வாங்க வேண்டும். அடாப்டர், கேபிள் இரண்டும் சரியாக இருந்தும் கனமான ரெண்டர் வேலையின்போது மட்டும் இரண்டு மூன்று சதவீதம் இறங்கி, பிறகு ஏறினால் கவலை வேண்டாம். சில கேமிங் மாடல்களின் வடிவமைப்பே அப்படி.

டச்பேட் சரியாக அமுங்குவதில்லை. ஒரு பக்கம் சற்றுத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. லேப்டாப்பை மேசையில் வைத்தால் ஆடுகிறது. திருகைச் சரிசெய்தால் போதுமா?
– ஆசிரியை, மதுரை

திருகை முடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பேட்டரி உப்பியிருப்பதைக் காட்டுகின்றன. எலக்ட்ரோலைட் சிதையும்போது உண்டாகும் வாயு, பை வடிவச் செல்லை உள்ளிருந்து ஊதிவிடுகிறது. டச்பேடுக்கு நேர் கீழேதான் பல மாடல்களில் பேட்டரி இருக்கிறது. அதனால் முதலில் அங்கே தெரிகிறது.

இதைப் படித்ததும் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரை எடுத்துவிடுங்கள். மறுபடி சார்ஜ் போட வேண்டாம், கோப்பு எடுப்பதற்காகக்கூட வேண்டாம். ஹார்ட் டிஸ்கை அல்லது எஸ்எஸ்டியைத் தனியாகக் கழற்றி வேறு கணினியில் மாட்டி எடுக்கலாம். சில மாடல்களில் எஸ்எஸ்டி போர்டிலேயே பதிந்திருக்கும். அப்போது உப்பிய பேட்டரியை எடுத்த பிறகு பழுது பார்ப்பவரிடமே கேளுங்கள். உப்பிய இடத்தை அழுத்தக்கூடாது, ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றக்கூடாது. உள்ளே இருக்கும் மெல்லிய பிரிப்பான் கிழிந்து மின்முனைகள் ஒன்றோடொன்று தொட்டால் தீப்பிடிக்கும். துணி, காகிதம், மெத்தை இல்லாத இடத்தில், சிமென்ட் தரையில் வைத்து, வெயில் படாமல் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போங்கள். ‘பேட்டரி உப்பியிருக்கிறது’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். திறப்பவரின் பாதுகாப்புக்கு அது அவசியம்.

புகையோ, இனிப்பான ரசாயன வாடையோ வந்தால் பக்கத்தில் போகாமல் எல்லோரையும் வெளியேற்றி 101ஐ அழையுங்கள். அந்தப் புகை நச்சு.

அலுமினிய உடல் கொண்ட லேப்டாப். சார்ஜ் போட்டிருக்கும்போது கையில் லேசாகச் சுர்ரென்கிறது. பேட்டரியிலிருந்து ஷாக் அடிக்கிறதா?
– வாசகர், நாகர்கோவில்

பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அடாப்டருக்குள் மின் இரைச்சலை வடிக்க, உள்வரும் பக்கத்துக்கும் வெளிவரும் பக்கத்துக்கும் நடுவில் சிறிய கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். எர்த் இல்லாதபோது அதன் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் உலோக உடலுக்கு வந்து, உங்கள் கை வழியாகத் தரைக்குப் போகிறது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றும் கட்டையைப் பயன்படுத்தினாலும், சுவரில் எர்த் ஒயர் இணைக்காமல் விட்டிருந்தாலும் இப்படி ஆகும். எலக்ட்ரீஷியனை அழைத்து அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் வாக்கில் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. சுர்ரென்பதைத் தாண்டிப் பலமாக அடித்தால் அந்த அடாப்டரை அன்றே ஒதுக்கிவிடுங்கள்.

எர்த் சரியில்லாத இடத்தில் ‘ஸ்பைக் பஸ்டர்’ முழுதாக வேலை செய்யாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். இடி மின்னல் நேரத்தில் சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கையே எடுத்துவிடுங்கள், இணைய கேபிள் செருகியிருந்தால் அதையும்.

இன்வெர்ட்டரில் ஓடும்போது அடாப்டர் ரீங்காரமிடுகிறது.
– வாசகர், திருவாரூர்

உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும், அதாவது வீட்டு மின்சாரம்போல் சீரான அலையாக இல்லாமல் கட்டம் கட்டமாக மின்சாரம் தருவது. 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் அடாப்டர் அதிலும் ஓடும். கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். அடாப்டரைத் துணியில் மூடாமல் காற்றாட வையுங்கள். பேட்டரியில் போதிய சார்ஜ் இருந்தால், கரண்ட் வரும்வரை பிளக்கை எடுத்துவிடுவதே நல்லது. அடுத்த முறை இன்வெர்ட்டர் வாங்கும்போது, சீரான அலை தரும் சைன் வேவ் கேளுங்கள்.

மூன்று மாதம் மகள் வீட்டுக்கு வெளிநாடு போகிறோம். லேப்டாப்பை எப்படி வைத்துவிட்டுப் போவது?
– ஓய்வுபெற்ற அலுவலர், திருச்சி

50 சதவீதத்தில் வைத்து, முழுமையாக ஷட் டவுன் செய்யுங்கள். ஸ்லீப்பில் விட்டால் சில நாள்களிலேயே காலியாகிவிடும். ‘அணைத்த நிலையிலும் யுஎஸ்பி சார்ஜிங்’ என்ற வசதி பயாஸில் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். பூட்டிய வீட்டின் மாடி அறையும் வெயில் தாக்கும் பீரோவும் வேண்டாம். பூஜ்யத்தில் நாள்கணக்கில் கிடந்த செல் ஒரு அளவுக்குக் கீழே போய்விட்டால், பாதுகாப்புச் சர்க்யூட் அதன் பிறகு சார்ஜையே ஏற்காது. திரும்பி வந்ததும் உயிரில்லாததுபோல் தெரிந்தால், சொந்த அடாப்டரில் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் மிகக் குறைந்த மின்னோட்டத்தில்தான் அது எழுந்து வரும்.

பேட்டரியை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடையில் மூன்று விலையில் பேட்டரி காட்டுகிறார்கள். எதை வாங்குவது?
– வாசகர், சென்னை

விண்டோஸிலேயே அறிக்கை எடுக்கலாம். ‘கமாண்ட் பிராம்ப்ட்’டைத் திறந்து, ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி எழுதுங்கள். ஓர் இடைவெளி, பிறகு சாய்கோடு, அதை ஒட்டி பேட்டரி, ரிப்போர்ட் இரு சொற்களையும் சேர்த்தே எழுதி என்டர் தட்டுங்கள். கோப்பு எங்கே சேமிக்கப்பட்டது என்று அதுவே சொல்லும். அதில் ‘டிசைன் கெப்பாசிட்டி’, ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’ என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது 45,000, இரண்டாவது 36,000 என்றால் 80 சதவீதம் மிச்சம், தாராளமாக ஓட்டலாம். 60க்குக் கீழே போய், கரண்ட் போனதும் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றால் மாற்றலாம். எப்போதும் மேசையிலேயே இருக்கும் லேப்டாப்புக்கு 60 சதவீதமே போதும் என்பவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளலாம், உப்பாதவரை.

வாங்கும்போது லேப்டாப் மாடலைச் சொல்லிக் கேட்பதைவிட, பழைய பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பர், வோல்ட், வாட் ஹவர் மூன்றையும் படமெடுத்துக்கொண்டு போங்கள். ரிச்சி தெருவில் ஆனாலும் இணையத்தில் ஆனாலும் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லை நம்பாமல் தயாரித்த தேதியைப் பாருங்கள். லித்தியம் பேட்டரி அலமாரியில் இருந்தாலும் வயதாகும். இரண்டாண்டுக்கு முந்தையதை முழு விலைக்கு வாங்காதீர்கள். லேப்டாப் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் விலை அதிகம்தான், முடிந்தால் அதையே வாங்குங்கள். முடியாவிட்டால் பில்லோடு குறைந்தது ஆறு மாதம் வாரண்டி தருபவரிடம் வாங்குங்கள். மூன்றில் மிக மலிவானது வேண்டவே வேண்டாம். செல் தரமும் பாதுகாப்புச் சர்க்யூட்டும்தான் அங்கே முதலில் வெட்டுப்படும். மாட்டிய அன்றே மேலே சொன்ன அறிக்கையை மறுபடி எடுங்கள். ஃபுல் சார்ஜ் எண் டிசைன் எண்ணுக்கு வெகுவாகக் கீழே இருந்தாலோ, சைக்கிள் எண் ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் இருந்தாலோ கையோடு திருப்பிக் கொடுங்கள்.

பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுத்துவிடுங்கள்.